சாமியம்மாளின் நெஞ்சைக் கேட்டவர்கள்

"மூச்சை அடக்குங்கள்" என்று டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் சாமியம்மாள் இடப்புறமாகச் சாய்ந்து படுத்து மூச்சை அடக்கிவிடுவாள். நெய்வேலிச் சுரங்கத்துக்கு அப்பால், காண்ட்ராக்ட் கூலிகளின் குடிசைகளுக்கு நடுவே இருக்கிறது அந்தத் தகரக் கொட்டகை மருத்துவ நிலையம். ஏழைக் குடும்பங்களுக்கு வைத்தியம் பார்க்கப் பழகுவதற்கென்று ஆறு மாதத்துக்கு ஒரு புதிய டாக்டர் அங்கே வருவார். புதியவர் சேரும் நாளில் மட்டும் வந்துபோகும் பெரிய டாக்டர் சோமசுந்தரம், அவரை அன்றே இவளிடம் அழைத்து வருவார். பழுதான வால்வின் ஓசையைப் புத்தகத்தில் படித்தவர்கள், இவள் நெஞ்சில்தான் அதை முதன்முதலாகக் கேட்கிறார்கள்.

"கேக்கலியா தம்பி? வெக்கப்படாத. குளுந்த கை டாக்டருக்கும் மொதல்ல கேக்கலதான்."

பெயர்கள் அவள் நினைவில் நிற்பதில்லை. குளிர்ந்த கை, மூக்குறிஞ்சி, பாட்டுக்காரர். அவளுடைய டாக்டர்கள் இப்படித்தான். மண் சுமக்க முடியாமற்போன பிறகு, ஷிப்டு விடும் நேரத்தில் சுரங்க வாசலில் சுண்டல் விற்கிறாள்.

"சுண்டலுக்குக் காசு வாங்குற. நெஞ்ச மட்டும் சும்மா காட்டிகினு கெடக்குற" என்று கணவன் பெரியண்ணன் கேலி செய்வான்.

"நீ ஒருநாளாவது கேட்டியா?" என்பாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். தன்னை அறிந்த டாக்டர் ஒருவர் அங்கேயே தங்கிவிட வேண்டும். எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளும், எப்படிப் படுத்தால் மூச்சு முட்டும் என்பதெல்லாம் ஒருவருக்குப் பிடிபடுகிற வேளையில் அவர் பெட்டி கட்டுவார். அடுத்தவரிடம் ஆதியோடந்தமாகச் சொல்லத் தொடங்க வேண்டும்.

கமர் நிஷாவை மட்டும் பெயர் சொல்லி அழைத்தாள். அதே மாவட்டத்து மேல்பட்டாம்பாக்கத்துப் பெண். "இங்கியே இருக்கேன்னு எழுதிப் போட்டிருக்கேங்க்கா" என்று அந்த டாக்டர் சொன்ன நாள் முதல் சாமியம்மாள் குடியிருக்க இடம் தேடினாள். "வடலூர் ரோட்டுல ஓட்டு வூடு ஒண்ணு காலியாவுதாம். கெணறு கூட இருக்குது."

உத்தரவு வந்தது, வேறு மாவட்டத்துக்கு. கமர் நிஷா அழுதாள். சாமியம்மாள் அழவில்லை. "பஸ்ஸுக்கு நாழியாவுது, கெளம்பு தாயி" என்று சுண்டல் பொட்டலத்தை அவள் கையில் திணித்தாள்.

சென்ற திங்களன்று திருநெல்வேலிக்காரரான இசக்கிமுத்து வந்தார். ஓசை உடனே கேட்டுவிட்டது, முகம் மலர்ந்தது.

"எம்மாங் காலம் இருப்பீங்க?"

"ஆறு மாசம்மா. இன்னொரு தடவ கேட்டுக்கிடட்டுமா?"

"கேட்டுக்க."

கேட்டு முடித்து எழ முயன்றபோதுதான், தம் வெள்ளைக் கோட்டின் ஓரம் அவள் விரல்களுக்குள் இறுகியிருப்பதை அவர் கண்டார்.