மாட்டேன் என்ற சொல்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் வரும். ஐந்தாவதுதான் படித்தேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதே கையால்தான் அந்தக் காகிதத்தையும் எழுதினேன்.

கோவளத்தில் மீன் எடுத்து வந்து எங்கள் தெருவில் விற்கும் அந்த அம்மா ஒல்லியாக இருப்பார். தராசைத் தொடும்முன் "ஸ்தோத்திரம் ஏசப்பா" என்பார். ஞாயிறுதோறும் அவர் குடிசையில் ஏழெட்டுப் பேர் கூடி ஜெபம் செய்வார்கள். ஒரு நாள், இங்கே ஜெபம் கூடாது என்று நாலு பேர் வந்து கூரை ஓலையைப் பிடுங்கி எறிந்தார்கள். தெருவில் போன என்னைக் கூப்பிட்டு அந்த அம்மா பேரில் எழுதச் சொன்னார்கள். பயந்துபோய் எழுதினேன்: "இனி ஜெபம் நடத்த மாட்டேன்."

"கைநாட்டு வை. இல்லாங்காட்டி இந்தத் தெருவுல மீனு விக்க முடியாது" என்றான் ஒருவன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "இன்னா எழுதிக்கீற? படி அண்ணாத்த."

தலை குனிந்தபடி படித்தேன்.

"மாட்டேங்கிறத அடிச்சிட்டு நடத்துவேன்னு எழுது. ரெண்டு கையாலயும் நாட்டு வெக்கிறேன்."

என் பேனா நகரவில்லை. அவர் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "மீனேய்!" என்று கூவியபடி அதே தெருவில் நடந்தார்.

காகிதத்தை நான்தான் எடுத்துவைத்தேன், ஏனென்று தெரியவில்லை. இன்று ஓலையில்லாத அந்தக் குடிசையிலிருந்து பாட்டு கேட்கிறது. காகிதத்தில் மாட்டேனை அடித்துவிட்டு, "நடத்துவேன்" என்று எழுதிவிட்டேன்.

ஞாயிறு, ஜூன் 14.