மூக்கு வழிக் கஞ்சி

அப்பா ஐ.சி.யூ.வில் கிடந்த நாட்களில் எங்கள் வீட்டில் பேச்செல்லாம் தண்ணீரைப் பற்றித்தான். அவருக்குச் சிறுநீரகம் மக்கர் பண்ணிவிட்டது. அதோடு இதயமும் சோர்ந்துவிட்டது. நரம்பில் ஏறுவது எவ்வளவு, மூக்குக் குழாயில் விடுவது எவ்வளவு, கட்டிலோரம் தொங்கும் பையில் சேரும் சிறுநீர் எவ்வளவு என்று நர்சுகள் மில்லி மில்லியாகப் பார்த்தார்கள். உள்ளே போனது தங்கிவிட்டால் நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், மூச்சு முட்டும் என்று டாக்டர் விளக்கினார். நல்ல மனுஷர்தான். ஆனால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார். அதைக் கழற்றி வீச வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வரும்.

விருத்தாசலத்துக்குள்ளேயே இருந்த சின்ன தனியார் ஆஸ்பத்திரி அது. பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டதற்கு, வழி தாங்காது என்றுவிட்டார்கள். சாப்பாடு எங்கள் பொறுப்பு. நர்சம்மா வெளியே வந்து அம்மாவிடம் சொன்னார்.

"அரிசிக் கஞ்சிம்மா. மிக்ஸியில அடிச்சி, துணியில வடிகட்டி எடுத்துட்டு வாங்க. தண்ணியாட்டம் இருக்கணும். உப்பு கம்மியாப் போடுங்க."

அம்மா தலையாட்டினாள்.

அப்பா பீங்கான் கம்பெனியில் சூளை பார்த்தவர். சூளைக்கு முன்னால் நிற்கிறவர்களுக்கு உடம்பு உப்பெல்லாம் வேர்வையாக வடிந்துவிடும். சட்டை காய்ந்தால் முதுகில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். அதனால் சூளை ஆட்கள் வீட்டில் கஞ்சிக்கு உப்பை அள்ளித்தான் போடுவார்கள். போடாவிட்டால் மத்தியானத்துக்குள் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும், தலை சுற்றும். கல்யாணமான நாளிலிருந்து அம்மாவின் கைக்கு அந்த அளவு பழகிப்போயிருந்தது. கம்மி என்றதும் அதில் பாதியாகக் குறைத்தாள். அந்தப் பாதியையே வேறு வீட்டுக்காரர்கள் வாயில் வைக்க முடியாது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தண்ணீரை மில்லியில் அளந்தவர்கள், உப்பைப் பற்றி மட்டும் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். இன்றைக்கும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

கஞ்சி மூக்குக் குழாய் வழியே நேராக வயிற்றுக்குப் போனது. குழாய்க்கு ருசி ஏது?

அப்பாவுக்குக் கால் வீங்கியது, பிறகு முகம், கண் இமைகள். தண்ணீரை இவ்வளவு கட்டுப்படுத்தியும் வீக்கம் வடியாமல் ரத்தத்தில் உப்பும் ஏறுகிறதே என்று டாக்டர் மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். அரை மயக்கத்திலும் அப்பா உதட்டை நக்கிக்கொண்டு "தண்ணி, தண்ணி" என்று முனகினார். நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைக்க மட்டுமே அனுமதி. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆப்பிளையும் ஆரஞ்சையும் எங்கள் கையில் திணித்துவிட்டு, "தவிச்ச வாய்க்குத் தண்ணி தராம இப்பிடி வச்சிருக்கிறியே" என்று அம்மாவைக் குத்தினார்கள். தண்ணீர் கொடுத்தால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில்தான் வெளியே வந்தது. சேத்தியாத்தோப்பிலிருந்து மகனைச் சேர்க்க வந்த ஓர் அம்மாள் காலையிலிருந்து எதுவும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். மிச்சக் கஞ்சியை அம்மா டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்ததும் அவள் முகம் சுளித்தாள்.

"என்னாக்கா, உப்பு இப்பிடிக் கரிக்குது?"

"எங்க வூட்டுக்காரருக்கு வழக்கமா போடுறதுல பாதிதாங்க போட்டேன்," என்றாள் அம்மா.

கதவருகே நின்ற நர்சம்மா திரும்பிப் பார்த்தார். டம்ளரை வாங்கி ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். அவர் முகம் மாறியது. அந்தக் கஞ்சியின் மிச்சத்தை நானும் குடித்திருக்கிறேன். எங்கள் வீட்டு ருசி அதுதான். எனக்கு வித்தியாசமே தெரிந்ததில்லை.

டாக்டர் திட்டவில்லை. "இதனால மட்டும்தான் இப்படின்னு சொல்ல முடியாதும்மா. ஆனா இனிமே ஒரு கல்லு உப்புகூடப் போடாதீங்க," என்றார். அவர் முதலில் சொன்னது அம்மா காதில் விழவே இல்லை. வீட்டுக்கு வரும் வழியில், "என் கையாலயே," என்றாள். எனக்கு அவளைத் தேற்றத் தெரியவில்லை. டவுன் பஸ்ஸின் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

உப்பை நிறுத்தியதும் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. அப்பாவுக்கு நினைவு தெளிந்தது. குழாயை எடுத்துவிட்டு வாய் வழியே கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். நாங்கள் பிழைத்துக்கொண்டார் என்றே நினைத்தோம். அம்மா உப்பில்லாத கஞ்சியை ஸ்பூனால் ஊட்டினாள். அப்பா விழுங்கிவிட்டு அவளையே பார்த்தார்.

"இது ஆரு ஆக்குனது?"

அம்மா தயங்கவே இல்லை. "கேன்டீன்ல வாங்குனதுங்க."

"அதான பாத்தேன். நாளைக்கு நீ ஆக்கி எடுத்தா."

"சரிங்க. எடுத்தாரேன்."

மறுநாள் காலையில் அம்மா கஞ்சியை வடிகட்டித் தூக்கில் ஊற்றிக்கொண்டிருந்தபோது என் செல்போன் அடித்தது. மூச்சுத் திணறல் வந்து, இதயம் நின்றுவிட்டது என்றார்கள். நான் அம்மாவிடம் வந்து சொன்னேன். அவள் அழவில்லை. தூக்கை என் பக்கம் நகர்த்தி, பார் என்பது போலத் தலையசைத்தாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பே இல்லை.

"இன்னிக்கும் கேன்டீன்ல வாங்குனதுன்னுதான் சொல்லியிருப்பேன்," என்றாள்.