கூண்டைத் திறந்துவிடும் வேளை

அண்ணன் மகளுக்குப் பினாங்கில் படிக்க இடம் கிடைத்தபோது கிள்ளானில் அண்ணன் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவளுக்கு மட்டும் ஒரு கவலை. அவள் வளர்த்த ஹேம்ஸ்டரை விடுதிக்குக் கொண்டுபோக முடியாது. அண்ணிக்கு அந்தக் கூண்டைத் தொடவே கூசும். அண்ணனோ வேலை முடிந்து வந்தால் சாப்பிட்டுத் தூங்குகிறவர். மிச்சமிருந்தது பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கும் அத்தையாகிய நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூண்டின் மேல் துண்டைப் போர்த்தி, அண்ணன் ஓட்டிய காரில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"சாப்பாடு, தண்ணி எல்லாம் ஈஸிதான் அத்தை. ஆனா தினமும் சாயங்காலம் கொஞ்ச நேரம் வெளிய விடணும். உள்ளயே கெடந்தா பாவம் லா அது."

அவர்கள் போன பிறகு என் கணவர் கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் மதுரைக்காரர். வேலைக்கென்று மலேசியாவுக்கு வந்து, என்னைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர்.

"எங்க ஊர்ல இதைப் புடிக்கத்தான் பொறி வைப்போம். இங்க என்னடான்னா சக்கரம் வச்சு, கேரட் நறுக்கிப் போட்டு..."

"இது எலி இல்லங்க. ஹேம்ஸ்டர்."

"வாலு கொஞ்சம் கொறைச்சல். அவ்வளவுதான."

அண்ணன் மகள் அதற்கு வைத்திருந்த செல்லப் பெயரை அவர் வாயால் சொல்லவே இல்லை. "உங்க அண்ணன் வீட்டு ஆளு" என்றுதான் சொல்வார்.

மறுநாள் இருட்டியதும் கூண்டைத் திறந்து ஹாலில் விட்டேன். நாய்க்குட்டி மாதிரி துள்ளி விளையாடும் என்று நினைத்திருந்தேன். அது சுவரோடு ஒட்டிக்கொண்டு ஓடியது. நடுவில் சட்டென்று நின்றது. ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி, சிலை மாதிரி. அப்புறம் மறுபடி ஓட்டம். கண் மூடித் திறப்பதற்குள் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய்விட்டது.

என் கணவர் தரையில் குப்புறப் படுத்து டார்ச் அடித்தார். "ரெண்டு கண்ணு தெரியுது. நம்மளையே முறைக்குது" என்றார். அண்ணன் மகளை வீடியோ காலில் பிடித்தேன். அவள் பதறவில்லை.

"ஹால் அதுக்கு ரொம்ப பெருசு அத்தை. தெறந்த இடம்னா பயப்படும், அதான் சுவரைப் புடிச்சே ஓடுது. நீங்க வெரட்டாதீங்க. குவாச்சி வச்சிட்டு சும்மா உக்காருங்க."

குவாச்சி என்றால் நாங்கள் கொறிக்கும் சூரியகாந்தி விதை. தரையில் வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்தோம். வெகு நேரம் கழித்து மூக்கு வந்தது, மீசை வந்தது, பிறகுதான் ஆள் வந்தது. விதைகளை ஒவ்வொன்றாக வாய்க்குள் தள்ளியது. கன்னம் இரண்டும் அம்மைக்கட்டு வந்த மாதிரி வீங்கிப்போக, தானே கூண்டுக்குள் ஏறிப் போய்விட்டது.

அடுத்த நாள் கீழே இருக்கும் சேலைக்கடையில் பழைய பெட்டி கேட்டேன்.

"எதுக்கும்மா, வீடு மாறுறீங்களா?" என்றார் கடைக்காரர்.

"இல்லண்ணே. ஹேம்ஸ்டருக்கு."

அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. ஆனால் நல்ல கெட்டியான பெட்டிகளாகப் பார்த்துக் கொடுத்தார். பிரித்து, டேப் போட்டு ஒட்டி, ஹாலின் ஒரு மூலையில் வேலி கட்டினேன். உள்ளே ஒரு கிண்ணத்தில் மணல், சில டிஷ்யூ உருளைகள், ஒரு சின்னப் பெட்டி. கூண்டையும் அதற்குள்ளேயே திறந்து வைத்தேன். நானும் காலை மடக்கி உள்ளே உட்கார்ந்துகொண்டேன்.

அப்படி உட்கார்ந்து பார்க்கப் பார்க்கத்தான் அதன் நடவடிக்கை பிடிபட்டது. பின்னங்கால்களில் எழுந்து நின்றால் காற்றை மோந்து பார்க்கிறது. இடுப்பைத் தரையிலும் பெட்டியிலும் தேய்த்துப் போனால், இது என் இடம் என்று தன் வாசனையைப் பூசி வைக்கிறது. வயிற்றைத் தரையோடு அழுத்தித் தட்டையாகிவிட்டால் பயம். சாவகாசமாக உட்கார்ந்து முகம் கழுவினால் நிம்மதி. விதையை அள்ளிக்கொண்டு கூண்டுக்கு ஓடுவது விளையாட்டு அலுத்துப்போய் அல்ல. உள்ளே கொட்டிவிட்டு உடனே திரும்பி வரும். எனக்கு விளையாட்டு நேரம், அதற்கு வேலை நேரம்.

கண் மட்டும் மகா மட்டம். ஒருநாள் சோபாவில் விட்டபோது, விளிம்பு முடிந்தது தெரியாமல் காற்றில் கால் வைத்தது. நல்லவேளை, பிடித்துவிட்டேன். நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். எங்கள் கடையில் இருக்கும் எந்த லென்ஸும் அதற்கு உதவாது.

மணம்தான் அதற்குக் கண் என்பதை வலிக்க வலிக்கத் தெரிந்துகொண்டேன். நெத்திலி சம்பல் செய்துவிட்டுக் கையைப் பேருக்குக் கழுவி, அதன் முன்னால் நீட்டினேன். விரலை மோந்தது, தயங்கியது, கடித்துவிட்டது. ரத்தம் வந்தது.

"வளர்த்த கையையே கடிக்குது பாரு" என்றார் கணவர்.

"சம்பலைத்தாங்க கடிச்சுச்சு. நடுவுல என் விரல் இருந்துச்சு."

அன்று முதல் சோப்புப் போட்டுக் கழுவாமல் அதைத் தொடுவதில்லை.

கணவருக்கு வேறொரு வருத்தம் இருந்தது. அவர் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அது விறைத்து நின்றுவிடும். அவர் உடை மாற்றிக்கொண்டு வந்து உட்காரும்வரை அசையாது.

"என்னைக் கண்டாத்தான் ஆகல. மொத நாள் நான் பொறின்னு சொன்னதைக் கேட்டுருக்கும்" என்று சிரித்தார். ஆனாலும் அவருக்கு மனம் கொஞ்சம் சுருங்கித்தான் போயிருந்தது. வேலிக்கு வெளியே நாற்காலியில்தான் உட்காருவார்.

ஒருநாள் அவருடைய கார் பட்டறையில் நின்றுபோக, ரயிலில் வந்தார். சாவிக்கொத்து காரோடு போய்விட்டதால் நான்தான் கதவைத் திறந்தேன். அவர் உள்ளே வந்தார். ஹேம்ஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல் உருளையைக் குடைந்துகொண்டிருந்தது.

கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னிக்கு மட்டும் ஏன் பயப்படல?"

அவருக்கு சைபர்ஜெயாவில் மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் வேலை. கார் திரும்பி வந்த அன்று சோதனையைத் தொடங்கினார். "ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும்" என்றார். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். அது நின்றது. பையை வெளியில் விட்டுவிட்டு வந்தார். நின்றது. சாவிக்கொத்தை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு, ஷூ, பை எல்லாவற்றோடும் தடதடவென்று நடந்து வந்தார். அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்தது.

"சாவி!" என்று கத்தினார். அந்தக் கத்தலுக்கும் அது ஓடவில்லை.

அன்றே அண்ணன் மகளிடம் சொன்னோம். "ஆமா மாமா, நம்ம காதுக்குக் கேக்காத சத்தமெல்லாம் அதுக்குக் கேக்கும். சாவி குலுங்குனா அதுக்குக் காது கிழியும் லா" என்றாள்.

மறுநாளிலிருந்து சாவிக்கொத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவார். நாற்காலியை விட்டுவிட்டு வேலிக்குள்ளும் வந்து உட்கார்ந்தார். சில வாரங்களில் அது அவர் கால்மீது ஏறி இறங்கப் பழகியது. ஒரு சாயங்காலம் அவர் தொடையிலேயே உட்கார்ந்து, நிதானமாகக் காதைத் துடைத்து முகம் கழுவியது. அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, "பாத்தியா, பாத்தியா" என்று உதட்டை மட்டும் அசைத்தார். அதன் பெயரை அவர் முதன்முதலாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

விடுமுறைக்கு அண்ணன் மகள் வந்தாள். அண்ணன் அவளைக் கீழே இறக்கிவிட்டு, பார்க்கிங் தேடிப் போயிருந்தார். கணவருக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. அவள் அதைத் திரும்பக் கேட்பாளோ என்ற பயம். எனக்கும் இருந்தது.

அவள் கை கழுவிவிட்டு வேலிக்குள் உட்கார்ந்தாள். ஹேம்ஸ்டர் எழுந்து நின்று மோந்தது, பின்வாங்கியது. அவள் முகம் வாடியது.

"என்னை மறந்துருச்சு அத்தை."

"அதெல்லாம் இல்லம்மா" என்றார் கணவர். "ஆபத்துன்னு நெனச்சா தரையோட படுத்துக்கும். இப்ப நின்னு விசாரிக்குது. நீ சும்மா இரு. இந்தா, மூஞ்சி கழுவுது பாரு. இனிமே வரும்."

வந்தது. அவள் உள்ளங்கையில் ஏறி, அங்கேயும் இடுப்பைத் தேய்த்துவிட்டு இறங்கிப் போனது. அவள் அதையும் பார்த்தாள், என் கணவரையும் பார்த்தாள்.

"எனக்கே நீங்க சொல்லித் தர்றீங்க மாமா" என்று சிரித்தாள். "இங்கயே இருக்கட்டும். திரும்பவும் எடம் மாத்துனா பாவம். நான் வந்து வந்து பாத்துக்கறேன்."

"உன் இஷ்டம்மா" என்றார் அவர், பெரிய மனுஷன் மாதிரி. அடுத்த நிமிடம் அடுப்படிக்குப் போய் எல்லோருக்கும் தேத்தண்ணி கலக்க ஆரம்பித்தார்.

பார்க்கிங் கிடைத்து அண்ணன் மேலே ஏறி வந்தார். வேலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அது விதைகளை அள்ளுவதும் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுத் திரும்புவதுமாக இருந்தது.

"இவ்ளோ வேலை செய்யுமா இது? நம்ம வீட்டுல எப்பப் பாத்தாலும் தூங்கிக்கிட்டுதான இருந்துச்சு?"

"அது தூங்கல அப்பா" என்றாள் மகள். "நீங்கதான் தூங்குனீங்க."

எல்லோரும் சிரித்ததில் ஹேம்ஸ்டர் ஒரு காலைத் தூக்கி நின்றது. நால்வரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தோம். சற்றுப் பொறுத்து அது காலை இறக்கி, மணல் கிண்ணத்துக்குள் ஏறிப் புரள ஆரம்பித்தது.