திண்டிவனத்துக்குத் தெற்கே ஓர் அசுரனின் எலும்பு

விழுப்புரம் சந்திப்பில் நான் இறங்கியபோது காலை ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலாம் வருஷம், பங்குனி மாதம். மாயவரத்திலிருந்து ஒரு பலாப்பழத்துக்கும் ஒரு பட்டாளத்துக்காரருக்கும் நடுவே நசுங்கி வந்தவனுக்கு, பிளாட்பாரத்தில் காலை நீட்டி நின்றதே பெரிய சுகமாக இருந்தது. யுத்த காலத்துக் காபி ஒன்றரை அணா. அதில் காபிக்கொட்டை எவ்வளவு, புளியங்கொட்டை எவ்வளவு என்று கேட்காமல் குடிப்பதுதான் மரியாதை.

பயணத்தின் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு வருஷம் ஜாவாத் தீவில், சுரபாயாவில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன் நான். அங்கே ஒரு முறை நெருப்பு மலை ஒன்றின் உச்சிவரை ஏறினேன். வாயைத் திறந்து புகைவிட்டுக்கொண்டிருந்த அந்த மலைக்குள் ஊர் ஜனங்கள் காய்கறியும் அரிசியும் உயிருள்ள கோழிகளும் எறிந்தார்கள். பார்த்துச் சிரித்தேன். ஆனால் ஊர் திரும்பிய பிறகு எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. எந்தப் புராணத்தில் அசுரன் வந்தாலும் அது எரிமலையாகத்தான் தெரிந்தது. ‘காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்’ என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். அவர்களில் ஒருவர் திண்டிவனத்தில் கொஞ்ச நாள் உத்தியோகம் பார்த்தவர். “அந்தப் பக்கம் அசுரனுடைய எலும்பே கிடக்கிறது, கல்லாக. போய்ப் பாரும்” என்றார். கல்லான எலும்பு என்றால் உறைந்த நெருப்புக் குழம்பைத் தவிர வேறென்ன? நம் முன்னோர் கண்ட எரிமலையை உலகுக்கு அறிவிக்கும் கட்டுரைக்கு மனசுக்குள் தலைப்புக்கூட வைத்துவிட்டேன்.

ஆறே கால் மணிக்கு வடக்கே போகும் பாசஞ்சர் வந்தது. திண்டிவனம் வரை மூன்றாம் வகுப்பு ஏழு அணா. விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு போயிற்று. எனக்கு வேண்டிய ஊருக்கு மயிலத்தின் வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் மயிலம் ஸ்டேஷனில் இறங்கினால் வண்டி கிடைக்காது என்று பக்கத்துச் சீட்டுக்காரர் பயமுறுத்தியதால், தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதையாகத் திண்டிவனம் போய், பத்து மைல் பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

அந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்ததால், பின்பக்கம் ஒரு பெரிய இரும்புப் பீப்பாயைக் கட்டி, அதில் கரியைக் கொளுத்தி, அந்தப் புகையில் ஓட்டுகிறார்கள். எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டியது. கண்டக்டர் கம்பியால் பீப்பாயைக் குத்திக்கொண்டே இருந்தார்.

“அல்லாரும் எறங்கி நில்லுங்க. நெருப்பு இன்னும் புடிக்கல. ஜல்தி போவணும்னா கொஞ்சம் தள்ளி வுடுங்க.”

தள்ளினோம். எட்டே முக்காலுக்குக் கிளம்பியது. கட்டணம் ஐந்து அணா, தள்ளுகூலி கிடையாது. எங்கே போகிறேன் என்று கண்டக்டர் விசாரித்தார். அசுரன் எலும்பைப் பார்க்க என்றேன்.

“அத்தப் பாக்கவா இம்மாந்தூரம் வந்தீங்க? எங்க பாட்டன் காலத்துலருந்து அங்கியேதான் கெடக்குது. எங்கியும் ஓடிப்பூடாது” என்று சொல்லிவிட்டு மறுபடி பீப்பாயைக் குத்தப் போய்விட்டார்.

மயிலத்தில் ஒற்றை மாட்டுவண்டி அமர்த்தினேன். திருவக்கரைப் பக்கம் ஏழெட்டு மைல், ஒன்றே கால் ரூபாய். வண்டிக்காரர் ஏழுமலைக்கு நான் போகும் ஊர்தான் மாமியார் ஊர். அதனால் வழியெல்லாம் உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார். வரம் வாங்கிய திமிரில் ஓர் அசுரன் தேவர்களைப் படாத பாடு படுத்தினானாம். பெருமாள் சக்கரத்தை விட்டு அவனைத் துண்டு துண்டாக நறுக்கினாராம். “தோ, தொடை. அதோ, அங்க தெரியறது கையி” என்று புன்செய்க் கொல்லைகளில் கிடந்தவற்றைச் சாட்டைக் குச்சியால் காட்டினார்.

இறங்கிப் பார்த்தேன். செம்மண்ணில் பாதி புதைந்தும் பாதி வெளியே தெரிந்தும் உருண்டை உருண்டையாக நீண்டு கிடந்தன. சில என் இடுப்பளவு பருமன். ஒன்று முப்பது அடிக்குக் குறையாது. சாம்பல், பழுப்பு, அங்கங்கே இரத்தச் சிவப்பு. குடைக்கம்பியால் தட்டினால் கணீரென்று சத்தம் வந்தது. ஊர்க்காரர் யாரும் அவற்றில் மாடு கட்டுவதில்லை, உட்காருவதில்லை. உருகி ஓடி உறைந்த நெருப்பேதான் என்று அந்த இடத்திலேயே நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். கிட்டே போய் ஒரு முனையை உற்றுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மணி ஒன்று இருக்கும். ஊருக்கு வெளியே ஒரு கொல்லையில் பாதி வெட்டிய கிணற்றைச் சுற்றி ஏழெட்டுப் பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஏழுமலை என்னை அங்கே இறக்கிவிட்டார். கொல்லைக்குச் சொந்தக்காரர் கோவிந்தசாமி எழுந்து ஓடி வந்தார்.

“நீங்க வெளியூருங்களா?”

“மாயவரம்.”

“இந்த ஊர்ல ஒறவுமொற யாராச்சும் உண்டுங்களா?”

“யாரும் இல்லை.”

அவர் முகம் மலர்ந்ததே, அதை நான் மறக்க மாட்டேன். தோளிலிருந்த துண்டை உதறி நிழலில் விரித்து, “குந்துங்க ஐயா, குந்துங்க. ரெண்டு நாளா ஒரு வெளியூரு ஆளைத்தான் தேடிக்கினு இருக்கறோம்” என்றார். கிணற்றில் இருபத்திரண்டு அடி ஆழத்தில் எலும்பு குறுக்கிட்டுவிட்டதாம். வேலை நின்றுபோய் இரண்டு நாளாகிறதாம். படித்த ஆள் ஒருவர் வந்து விளக்கம் சொல்ல வேண்டுமென்று காத்திருக்கிறார்கள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அவர் மேலே பேச வாயெடுத்தபோது கையமர்த்திவிட்டு, பிரசங்கத்தை ஆரம்பித்தேன்.

எவ்வளவு நன்றாகப் பேசினேன் என்கிறீர்கள்! பூமிக்குள் நெருப்பு இருப்பது, அது மலையைப் பிளந்துகொண்டு வருவது, கல் கஞ்சியாக ஓடுவது, பகல் இருட்டாவது, ஜாவாவில் கோழி எறிவது, எல்லாம் சொன்னேன். “ஆதிகால மனுஷர் இதைத்தான் அசுரன் என்றார்கள். உங்கள் கிணற்றில் இருப்பது எலும்பு இல்லை. நெருப்பு வந்து போன தடம்” என்று முடித்தேன்.

கிணறு வெட்டும் கூட்டத்துக்கு மேஸ்திரி இருசப்பன். விழுப்புரத்துக்கு அடுத்த காணைப் பக்கத்திலிருந்து ஆட்களோடு வந்தவர். உளிபோல ஒடிசலான ஆள். அவர் மெதுவாகக் கேட்டார்:

“உள்ளாற நெருப்பு இன்னும் இருக்குதுங்களா?”

“பூமிக்கு அடியில் எங்கும் இருக்கிறது. ஜாவாவில் சில இடங்களில் தோண்டினால் வெந்நீர்தான் வரும்” என்றேன் பெருமையாக.

இருசப்பன் எழுந்தார். கடப்பாரைகளைச் சேர்த்துக் கட்ட ஆரம்பித்தார். ஆட்களும் கூடைகளை அடுக்கினார்கள்.

“மேஸ்திரி, என்னா பண்றீங்க?” என்று கோவிந்தசாமி பதறினார்.

“அசுரன்னா செத்துட்டான் அண்ணே. பாலை ஊத்தினா அடங்கிப்பூடுவான். நெருப்புன்னா உசுரோட இருக்குது. அதுக்கு என்னா பண்றதுன்னு இவரு சொல்லலியே. எம் புள்ளைங்கள நான் எறக்க மாட்டேன்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எட்டு வருஷ ஜாவாவையும் குடைந்து பார்த்தேன். நோட்டைப் புரட்டினேன்; அடியில் போட்ட இரண்டு கோடுதான் கண்ணில் பட்டது.

அப்போதுதான் கோவிந்தசாமியின் மனைவி பாஞ்சாலை முன்னே வந்தாள்.

“ஐயா, ஒரு கை பாலு ஊத்தத்தான் உங்கள குந்த வெச்சோம். கத சொல்லச் சொன்னமா? நாத்து வுட்டு இருவது நாளாச்சு. ஒரு மைலு நடந்து ஆத்துலருந்து கொடம் கொடமா தூக்கி ஊத்திக்கினு இருக்கறேன். இன்னும் நாலு நாளு போனா மாடுதான் மேயும். அரிசி கண்ணால பாக்க முடியல. இந்தக் கேப்பையும் பூட்டா நாலு புள்ளைங்களுக்கு எதத் துன்னக் குடுக்கறது? இவங்க இப்ப போனா ஆடிக்கு அப்புறம்தான் திரும்புவாங்க.”

வழக்கம் என்னவென்று பிறகுதான் விளங்கியது. தோண்டும்போது அசுரன் எலும்பு குறுக்கிட்டால், செத்த மனுஷனுக்குச் செய்வதுபோல அதற்குப் பால் தெளிக்க வேண்டும். தெளிப்பவன் அவனுக்கு வாரிசு. மூன்று நாள் தீட்டும் அவனுக்கே. உள்ளூரார் தெளித்தால் அசுரன் ஊரோடு ஒட்டிக்கொள்வான். வெட்டுகிறவன் தெளிக்கக் கூடாது. பெண் எடுத்த உறவுகூட ஆகாது என்பதால் ஏழுமலையும் தள்ளுபடி. வழியோடு போகிற அந்நியன் ஒருவன் தெளித்து, ஊரில் பச்சைத் தண்ணீரும் வாங்காமல், தீட்டைக் கையோடு கொண்டுபோய்விட வேண்டும். நான் சிரித்த கோழிகள் எனக்கு ஞாபகம் வந்தன. கோழியை எறிந்துவிட்டு அந்த ஜாவாக்காரர்கள் மறுநாள் காலையில் ஏர் பூட்டப் போனார்கள். அதை நான் அன்று கவனித்தும் யோசிக்கவில்லை.

“நான் இறங்கிப் பார்க்கிறேன்” என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

இருசப்பன் என் தொந்தியையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இடுப்பில் வடம் கட்டினார். “அடியில போயி, வெறுங்கால அது மேல வெச்சிக்கினு, சத்தமா நூறு எண்ணுங்க. சுடுதா இல்லியான்னு தெரிஞ்சிப்பூடும்.”

சுவரில் வெட்டிய படிகளில் கால் வைத்து இறங்கினேன். பத்தடிக்குக் கீழே போனதும் காற்று நின்று வியர்த்துக் கொட்டியது. நானே சொன்ன நெருப்பு என்னையே பிடித்துக்கொண்டது. அடியில் அந்தக் கல் கிணற்றை அடைத்துக்கொண்டு குறுக்கே கிடந்தது. அதன் மேல் வலது காலை வைக்க முடியாமல் வெகுநேரம் நின்றேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன்.

மண்பானையைத் தொட்டதுபோல ஜில்லென்றிருந்தது.

“ஒண்ணு!” என்று கத்தினேன். மேலேயும் எல்லோரும் கூட எண்ணினார்கள். முப்பதாவது எண்ணிக்கையில் கண் இருட்டுக்குப் பழகியது. கடப்பாரை பட்டு உடைந்திருந்த முனை என் காலருகே இருந்தது; குனிந்தேன். அதில் வளையத்துக்குள் வளையமாக மெல்லிய கோடுகள். ஓரத்தில் பட்டையின் சுருக்கம். ஒரு கணு. கணுவிலிருந்து ஒரு கிளை பிரிந்த அடையாளம். அறுத்த வேப்பங்கட்டையைப் பார்த்தவன் எவனுக்கும் அது என்னவென்று தெரியும். நாற்பத்தைந்தோடு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

“ஐயா! என்னாச்சு ஐயா?” என்று மேலிருந்து பாஞ்சாலை அலறினாள்.

“மரம்!” என்றேன். “இது மரம்! கல்லாகிப்போன மரம். நெருப்பு இல்லை. நான் சொன்னது தப்பு, எல்லாமே தப்பு!”

“சரி, நூறையும் முடிங்க” என்றார் இருசப்பன். முடித்தேன்.

மரமென்று தெரிந்த பிறகும் பால் வேண்டுமா என்று கேட்டேன். “மரமோ அசுரனோ, செத்தது செத்ததுதானுங்களே” என்று கொட்டாங்கச்சியில் பாலைக் கயிறு கட்டி இறக்கினார்கள். எத்தனை ஆயிரம் வருஷத்துக்கு முன் விழுந்ததோ, எந்தக் காட்டில் நின்றதோ, எந்த ஜந்து நிழலுக்கு ஒதுங்கியதோ, யார் கண்டார்கள்? மூன்று முறை ஊற்றினேன். வளையங்களுக்குள் பால் இறங்கியபோது எனக்கு நிஜமாகவே துக்கம் வந்தது. எரிமலைக்காக அல்ல.

மூன்று மணிக்கு இருசப்பனின் ஆட்கள் உளியும் சம்மட்டியுமாக இறங்கினார்கள். நான் ஊர் எல்லைக் கல்லுக்கு வெளியே ஒரு பனைமரத்தடியில் போய் உட்கார வேண்டியதாயிற்று. ஏழுமலையும் தீட்டுக்காரனை வண்டியில் ஏற்ற முடியாதென்று தன்மையாகச் சொல்லிவிட்டார். ஆற்றில் குளித்துவிட்டு நடக்க வேண்டியதுதான். ஆனாலும் சம்மட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை எழுந்து போக மனம் வரவில்லை. காலையிலிருந்து அந்தக் காபியைத் தவிர ஒன்றும் சாப்பிடாததால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஐந்தரை மணிக்குச் சத்தம் நின்றது. பிறகு ஒரே கூச்சல்.

பாஞ்சாலை செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கமே சட்டென்று நின்றுவிட்டாள். நான் கையை நீட்டிவிட்டு, ஞாபகம் வந்து மடக்கிக்கொண்டேன். அவள் செம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது.

“குடுக்கக் கூடாது ஐயா. பாத்துக்குங்க.”

செம்பைச் சாய்த்து என் கால்மாட்டுத் தரையில் ஊற்றினாள். செம்மண் கலங்கிய தண்ணீர். ஒரு செம்பும் முழுசாக ஊற்றினாள். வறண்ட மண் அதைச் சொர்ரென்று உறிஞ்சியது.

“கெணத்துல ஒண்ணர அடி நின்னுக்கினு இருக்குது” என்று சொல்லத் தொடங்கி, அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

ஆற்றில் மணலைத் தோண்டிக் குளித்தேன். மயிலம்வரை திரும்பிப் பாராமல் நடந்தேன். எங்கள் பக்கம் காவேரி வாய்க்காலில் காலை நனைத்தபடியே வளர்ந்தவன் நான். ஒரு செம்புத் தண்ணீரை அவ்வளவு நேரம் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் வீட்டுக்குள் நுழையாமல் நேரே கொல்லைப்புறம் போய்த் தலைமுழுகினேன். என் மனைவி பயந்துபோய், “யார் போய்விட்டார்கள்?” என்று கேட்டாள்.

“திண்டிவனம் பக்கத்தில் ஒருத்தர்.”

“நமக்கு என்ன வேணும்?”

கொஞ்சம் யோசித்தேன். “பங்காளி” என்றேன்.

பங்காளித் தீட்டென்றால் பத்து நாள். அந்த ஊர் வழக்கமோ மூன்று நாள்தான். நான் பத்து நாளும் காத்தேன்.