மாற்றி எழுத மறுத்த மேஜர் தங்கபுஷ்பம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை விஷ்ராந்த்வாடி மண்டியில் மேத்திக் கீரைக் கட்டுகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கபுஷ்பத்தின் மகள் நிர்மலாவிடமிருந்து அழைப்பு வந்தது. "ஆன்ட்டி, மம்மி எந்திரிக்கல" என்றாள். முப்பத்தைந்து ஆண்டு ராணுவச் செவிலியாக இருந்த பழக்கம், "நாடி பாத்தியா?" என்றுதான் முதலில் கேட்டேன். "டாக்டர் வந்து செக் பண்ணிட்டாரு ஆன்ட்டி. தூக்கத்துலயே போயிட்டாங்களாம்." அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் வரவில்லை. கீரையை அங்கேயே வைத்துவிட்டு ஆட்டோ பிடித்துத் தாபோடிக்குப் போனேன்.

மேஜர் தங்கபுஷ்பம் ராணுவச் செவிலியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு. திருநெல்வேலிச் சீமையில் வள்ளியூர்ப் பக்கம் பிறந்தவர். கணவர் தாபோடியில் ராணுவப் பொறியியல் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன் காலமானார். ஒரே மகள் நிர்மலா. தாபோடியில் அவர் குடியிருந்த கட்டடத்துக்காரர்களுக்கு அவர் ஊசி போட்டுவிடும் மேடம். சர்க்கரை ஏறினால் திட்டும் மேடம். அவர் செய்த ஒரு காரியம் அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்த சிலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அதைப் பற்றிப் பெருமைப்படும் உரிமை உண்டா என்பதே சந்தேகம். ஆனாலும் எழுதுகிறேன்.

புனேயில் செவிலியர் படிப்புக்குச் சேர்ந்த முதல் நாள் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த கட்டில். நான் திருச்சிக்காரி, பள்ளியில் கொஞ்சம் இந்தி படித்தவள். அவருக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டார், ஆனால் ஆண்பால் பெண்பால் கடைசிவரை பிடிபடவில்லை. ஒருமுறை மீசை வைத்த சுபேதார் ஒருவரிடம், "ஆப் கப் ஆயீ?" என்று கேட்டுவிட்டார். 'எப்போது வந்தீர்கள்' என்பதைப் பெண்ணைக் கேட்பதுபோலக் கேட்ட கேள்வி அது. வார்டே சிரித்தது. சுபேதாரும் சிரித்தார். "சிரிச்சா தையல் பிரியும்லா, சும்மா படும்" என்று தமிழிலேயே அவரை அதட்டினார் தங்கபுஷ்பம். சுபேதாருக்கு அது புரிந்தது என்பதுதான் வேடிக்கை.

பத்து ஆண்டுகள் கழித்து எங்கள் இருவரையும் வடகிழக்கில் ஒரு மலை மாவட்டத்து ராணுவ மருத்துவமனைக்கு மாற்றினார்கள். தகரக் கூரை, விடாத மழை, முப்பது கட்டில்கள். ஆயுதக் குழுக்கள் நடமாடிய பகுதி அது. ஆயுதப் படைகளுக்குச் சிறப்பு அதிகாரம் தரும் சட்டம் அங்கே நடப்பில் இருந்தது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். தேவையென்று கருதினால் எச்சரித்துவிட்டுச் சுடலாம். அப்படிச் செய்த ராணுவத்தினர்மீது வழக்குத் தொடர வேண்டுமென்றால் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். அனுமதி வராவிட்டால் வழக்கே கிடையாது. இதெல்லாம் எங்களுக்கு வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை. அங்கே இருந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை ரோந்து வண்டி கண்ணிவெடியில் சிக்கியது. நான்கு பேரைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு சிப்பாய் மதுரைப் பக்கத்துப் பையன், வயது இருபத்திரண்டு. இரண்டு கால்களும் இல்லை. தங்கபுஷ்பம் பேசியதைக் கேட்டதும், "அக்கா, தமிழா?" என்றான். பிறகு, "அம்மாட்ட இப்பச் சொல்லிறாதீங்க. தங்கச்சி கல்யாணம் முடியட்டும்" என்றான். ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை. அவன் அம்மாவுக்குத் தங்கபுஷ்பம் எழுதிய கடிதத்தை நான் படித்திருக்கிறேன். வலிக்கவில்லை என்று பொய் எழுதவில்லை. "உங்களைப் பற்றிச் சொன்னான், நான் பக்கத்தில் இருந்தேன்" என்று எழுதியிருந்தார்.

அந்த வியாழக்கிழமை நண்பகலில் இன்னொருவரைக் கொண்டுவந்தார்கள். துப்பாக்கிச் சண்டையில் காயம்பட்ட தீவிரவாதி என்று காகிதத்தில் இருந்தது. முப்பது வயது இருக்கும். டாக்டர் அறுவை அறையில் இருந்தார். தங்கபுஷ்பம்தான் சட்டையை வெட்டிக் காயத்தைத் துடைத்தார். அந்த ஊர்க்காரரான வார்டு உதவியாளர் பக்கத்தில் நின்று காயம்பட்டவர் பேசியதை மொழிபெயர்த்துச் சொன்னார்: தான் பள்ளிக்கூட வாத்தியார், வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும். இரண்டு மணிக்குள் அவர் இறந்துபோனார்.

தங்கபுஷ்பம் பதிவேட்டில் நான்கு வரிகள் எழுதினார். இரு மணிக்கட்டிலும் கயிறு இறுக்கிய தடம். காயத்தைச் சுற்றித் தோலில் வெடிமருந்துக் கரி. நினைவோடு இருக்கிறார். தண்ணீர் கேட்கிறார். அந்தக் கரி, துப்பாக்கியை மிக அருகே வைத்துச் சுட்டால் மட்டும் படிவது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு மணிக்கு நான் வேலைக்கு வந்தேன். உடலைத் தயார்செய்தது நான்தான். மணிக்கட்டுகளைத் துடைத்தேன். தடம் நன்றாகவே தெரிந்தது. உடலோடு அனுப்பும் படிவத்தில் 'உடலில் உள்ள அடையாளங்கள்' என்று ஓர் இடம் இருக்கும். அதை நான் காலியாக விட்டேன்.

மூன்று மணி வாக்கில் வாத்தியாரைக் கொண்டுவந்த படைப்பிரிவின் அதிகாரி ஒருவர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "சிஸ்டர், முதல் இரண்டு வரிகள் வேண்டாம். குண்டுக் காயம் என்று மட்டும் புதுப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்" என்றார் ஆங்கிலத்தில். தங்கபுஷ்பம், "பக்கங்களுக்கு எண் போட்டிருக்கிறது சார்" என்றார். "அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." "உங்கள் அறிக்கையை நீங்கள் எழுதுங்கள் சார். இது என் நோயாளியின் அறிக்கை." அவர் போய்விட்டார். அடுத்த நாளும் வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

எங்கள் அறைக்குத் திரும்பியதும் நான் தங்கபுஷ்பத்திடம் கெஞ்சினேன். "மாத்திக் குடுத்துடுடி. செத்தவர் செத்துட்டார். யார் என்ன பண்ண முடியும்? சட்டமே அவங்க பக்கம். ஒரு கேஸ்கூடப் போட முடியாது."

காலணியின் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "கேஸே போட முடியாதுன்னா, பெறகு எதுக்குட்டி மாத்தி எழுதச் சொல்லுதாவ?"

இன்றுவரை அந்தக் கேள்விக்கு யாரும் சரியான பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை தினசரி அறிக்கையில் அந்த நான்கு வரிகளையும் அப்படியே பெயர்த்து எழுதி மருத்துவமனைத் தலைவரிடம் கொடுத்தார். அவர் வயதான ராணுவ டாக்டர், ஓய்வுபெற ஓராண்டு இருந்தது. இரண்டு முறை படித்தார். கீழே கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு அந்த அதிகாரி வரவில்லை. இதையும் நான் சொல்லியாக வேண்டும்: அந்த வரிகளைக் காப்பாற்றியதும் ஒரு ராணுவ அதிகாரியின் கையெழுத்துதான்.

தங்கபுஷ்பத்துக்கு மூன்று வாரத்தில் மாற்றல் வந்தது. பதவி உயர்வு ஒவ்வொரு முறையும் தள்ளிப்போனது. காரணத்தை யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நான் லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றேன். அவர் மேஜராகவே ஓய்வு பெற்றார். என் பதவி உயர்வு விருந்துக்கு அவர்தான் தாபோடியிலிருந்து மீன்குழம்பு வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். "கர்னலம்மா, முள்ளு பாத்துச் சாப்பிடும்" என்று எல்லோர் முன்னாலும் கிண்டலடித்தார்.

அந்த வாத்தியாரின் மனைவி புகார் கொடுத்திருந்தார் என்பது எங்களுக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. வழக்குத் தொடர அனுமதி கேட்ட கோப்பு டெல்லிக்குப் போய், பல ஆண்டுகள் கிடந்து, மறுக்கப்பட்டுத் திரும்பியது. அவர் விடவில்லை. கடைசியில் நீதிமன்றம், தண்டிப்பது இருக்கட்டும், நடந்தது என்ன என்றாவது விசாரியுங்கள் என்று ஒரு நீதிபதியை நியமித்தது. மருத்துவமனைக் கோப்பில் அந்தத் தினசரி அறிக்கை அகப்பட்டது. ஆறு ஆண்டுகளுக்கு முன் தாபோடி வீட்டுக்குச் சம்மன் வந்தது.

கட்டடத்தில் ஒரு சிலருக்குச் செய்தி எட்டிவிட்டது. கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் இருக்கிறார். தங்கபுஷ்பத்திடம் ஊசி போட்டுக்கொள்பவர். படியில் நிறுத்தி, "மேடம், ஃபௌஜ் கே கிலாஃப் போலேங்கீ?" என்று கேட்டார். ராணுவத்துக்கு எதிராகவா பேசப் போகிறீர்கள் என்றார். தங்கபுஷ்பம் தன்னுடைய இந்தியில் பதில் சொன்னார்: "கிலாஃப் நஹீ. ஃபௌஜ் கா ரெஜிஸ்டர் ஹை. மை படேகா, பஸ்." ராணுவத்தின் பதிவேடு, அதை வாசிக்கப் போகிறேன், அவ்வளவுதான் என்று பொருள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அடுத்த மாதம் ஊசிக்கு வரவில்லை. தங்கபுஷ்பமே மருந்தை எடுத்துக்கொண்டு கீழே போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

துணைக்கு வருகிறேன் என்று நானும் கிளம்பினேன். இரண்டு விமானம், அப்புறம் ஜீப்பில் ஐந்து மணி நேரம். வழியெல்லாம் என் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினோம், நிர்மலாவின் வேலையைப் பற்றிப் பேசினோம். நான் அன்று காலியாக விட்ட இடத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகவே கேட்டதில்லை.

விசாரணை ஒரு பழைய அரசு விடுதியின் கூடத்தில் நடந்தது. படைத்தரப்பு வழக்கறிஞர் கெட்டிக்காரர். ஆங்கிலத்தில் நடந்ததைத் தமிழில் தருகிறேன்.

"நீங்கள் தடயவியல் நிபுணரா?"

"இல்லை. செவிலி."

"பிறகு அது கயிற்றுத் தடம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?"

"எங்கள் வேலையே மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பதுதான் சார். வாழ்நாளில் எத்தனை ஆயிரம் மணிக்கட்டு பார்த்திருப்பேன்!"

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். வழக்கறிஞர் விடவில்லை. "அங்கே சிப்பாய்கள் எந்த நிலையில் வேலை செய்தார்கள் தெரியுமா? சட்டம் அவர்களுக்குத் தரும் பாதுகாப்பு வேண்டாம் என்கிறீர்களா?"

தங்கபுஷ்பம் அந்தத் திங்கட்கிழமையைப் பற்றிச் சொன்னார். கால்கள் இல்லாத பையனைப் பற்றி, தங்கையின் கல்யாணத்தைப் பற்றி. "பாதுகாப்பு வேண்டும் சார். கண்ணிவெடி புதைத்த சாலையில் போகிறவன் தான் சுட்ட ஒவ்வொரு குண்டுக்கும் கோர்ட்டில் வந்து நிற்க முடியாது. அந்தப் பையனுக்காக அந்தச் சட்டம் இருக்கட்டும். கையைக் கட்டிவைத்துச் சுட்டதற்கும் அதையே போர்த்திக்கொண்டால், அந்தப் பையனுக்கு அது அவமானம் இல்லையா?"

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

அன்று மாலை நான் வாத்தியார் வீட்டாரின் வழக்கறிஞரிடம் போய், என் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். மறுநாள் அதே நாற்காலியில் உட்கார்ந்து, நானும் பார்த்தேன், எழுதவில்லை என்றேன். ஏன் இத்தனை காலம் பேசவில்லை என்று கேட்டார்கள். பயம் என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு எழுந்தபோது முழங்கால் வலிகூடத் தெரியவில்லை. வாசலில் தங்கபுஷ்பம் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். "குடி. நாக்கு வறண்டுபோச்சு பாரு" என்றார்.

வெளியே மரத்தடியில் வாத்தியாரின் மனைவி நின்றிருந்தார். எங்களைவிடச் சிறியவர், எங்களைவிட நரைத்திருந்தார். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. மொழிபெயர்க்க ஒருவரை அழைத்துவந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கடைசி நேரத்தில் அவர் பக்கத்தில் யாராவது இருந்தார்களா?"

"நான் இருந்தேன்" என்றார் தங்கபுஷ்பம். "தண்ணீர் கேட்டார். குடிக்கக் கொடுக்க முடியாத காயம். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். முடியும்வரை கையைப் பிடித்திருந்தேன்."

அது மொழிபெயர்க்கப்படும்வரை அந்த அம்மாள் தங்கபுஷ்பத்தின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடங்கி உட்கார்ந்து அழுதார். தங்கபுஷ்பமும் அந்த ஈரத் தரையில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஜீப்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தும் எழுந்திருக்கவில்லை.

இறந்தவர் தீவிரவாதி அல்ல, துப்பாக்கிச் சண்டை நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்று நீதிபதி அறிக்கை கொடுத்தார். அந்த வாத்தியாரின் பெயர் தீவிரவாதிகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அவர் வேலை பார்த்த பள்ளியில் அவர் படத்தை மாட்டினார்கள். வழக்குத் தொடர மறுபடியும் அனுமதி கேட்டிருக்கிறார்கள். அது இன்னும் வரவில்லை. சுட்டவர்கள் யாரும் எந்தக் கூண்டிலும் ஏறவில்லை. இதை நான் மறைக்கப் போவதில்லை. "பாதிதான ஆச்சு?" என்று ஒருநாள் தங்கபுஷ்பத்திடம் கேட்டேன். "அந்தப் பாதி அவ்வொ வீட்டுக்கு முழுசுட்டி" என்றார்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் இறுதிப் பயணத்துக்குத் தயாரானோம். எங்கள் பேட்சில் புனேயில் மிச்சமிருக்கும் ஆறு பேரும் வந்துவிட்டோம். பாடையைத் தூக்க ஆண்கள் முன்வந்தார்கள். நாங்கள் தூக்குகிறோம் என்றேன். உறவுக்காரர் ஒருவர் தயங்கினார், பெண்கள் தூக்குவது வழக்கமில்லை என்றார். நிர்மலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவங்களே எடுக்கட்டும். தே நோ ஹவ்" என்றாள்.

உண்மைதான், எங்களுக்குத் தெரியும். இரண்டாவது மாடி, குறுகலான படி, இரண்டு திருப்பம். கால்பக்கம் முதலில், அதை உயர்த்திப் பிடித்து, எல்லோரும் ஒன்றாக அடிவைத்து இறங்க வேண்டும். எல்லோருக்கும் எழுபதை நெருங்கும் வயது. ஒருவர் மூச்சு வாங்குவது அடுத்தவருக்குக் கேட்டது. எங்கும் இறக்கி வைக்கவில்லை, ஒருமுறைகூடச் சாயவில்லை.

தெருவில் வண்டிகள் நின்றுவிட்டன. ஆட்டோக்காரர் ஒருவர் தலையை நீட்டி, போனது யார் என்று மராத்தியில் கேட்டார். நிர்மலா திரும்பி, "மாஜி ஆயி. மேஜர் ஹோதி" என்றாள். என் அம்மா, மேஜராக இருந்தவர். அந்தப் பதவியை அவள் அவ்வளவு உரக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆட்டோக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். பின்னாலிருந்த ஸ்கூட்டர்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தோளில் பாரம் அழுந்த, அந்த அமைதிக்குள் நடந்தோம்.

போய்வா, மேஜர்.