கரண்டி விழுந்த பிறகுதான் சிரிப்பு

சிலி நாட்டு வால்பரைசோவில் எங்கள் குன்றின் படிக்கட்டில் ஒரு பெண் தனக்குத்தானே பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது யாஸ்னா. பைத்தியமெல்லாம் இல்லை. மொழிபெயர்க்கிறாள். மருந்துச் சீட்டு, கப்பல் இயந்திரக் கையேடு, எது வந்தாலும் ஆங்கிலத்தில் போட்டுக் கொடுப்பாள். ஆனால் அவள் உயிரை விடுவது போராட்டத்தில் நாங்கள் கத்துகிற தெருப்பேச்சுக்குத்தான். எழுதியதை, கத்தின ஆளிடமே கொண்டுபோய் எங்கள் பேச்சில் திருப்பிச் சொல்லிக்காட்டுவாள். "ஆமா, இதுதான் நான் சொன்னது" என்று அவர் வாயால் கேட்காமல் அனுப்ப மாட்டாள். அதனால் எந்த வேலையும் சொன்ன நாளில் முடிந்ததில்லை.

குன்றுக்குத் தண்ணீர் வராமல் போன கோடையில் காலிப் பானைகளைத் தட்டிக்கொண்டு தெருவில் இறங்கினோம். போலீஸ் குவானக்கோவை அனுப்பியது. தண்ணீர் பீய்ச்சும் வண்டிக்கு இங்கே அதுதான் பெயர். நிஜக் குவானக்கோ மலையில் திரியும் மிருகம், கோபம் வந்தால் துப்பும். மீன் விற்கும் எடுவினா வண்டிக்கு முன்னால் போய் நின்று பானையைத் தூக்கினாள்.

"தண்ணி இல்லன்னு கத்துனா தண்ணியவே அனுப்பிட்டாங்களா! நல்லாத் துப்பு ராசா குவானக்கோ! இரு, சோப்பு எடுத்துட்டு வர்றேன்!"

டங்!

எங்கள் குன்றில் நக்கல் அடித்தால் முடிவில் கரண்டியால் பானையில் ஒரு போடு போடுவோம். அதற்கு முன்னால் சிரிப்பது மரியாதை இல்லை.

குடியிருப்போர் சங்கம் இதையெல்லாம் படமாக எடுத்திருந்தது. வெளிநாட்டு விழாவொன்று படத்தைக் கேட்டது. பேச்சோடு திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகள் யாஸ்னாவின் பொறுப்பு. முதலில் 'ராசா குவானக்கோ'வை 'தண்ணீர் வண்டியே' என்று எழுதிக்கொண்டு மீன் கடைக்கு வந்தாள்.

"நான் என்ன முனிசிபாலிட்டிக்கு மனுவா குடுக்குறேன்?" என்றாள் எடுவினா, மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே.

'ஏய் துப்பாண்டி' என்கிற மாதிரி ஒன்றை ஆங்கிலத்தில் பிடித்துக்கொண்டு மறுபடி வந்தாள்.

"இது நான்தான். போடு."

அனுப்புவதற்கு முன் சங்கத்துக் கூடத்தில் ஒரு தடவை போட்டுப் பார்த்தோம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். திரையில் எடுவினா பானையைத் தூக்கி வாயைத் திறந்ததுமே அவர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். கரண்டி அப்புறம்தான் விழுந்தது.

எடுவினா எழுந்து நின்றாள். "என் மூஞ்சியப் பாத்தா சிரிக்கிறானுங்க? நான் பேசி முடிக்கல, அதுக்குள்ள என்ன இளிப்பு? என்னை வெட்டி எடுத்துரு யாஸ்னா."

அவளை வெட்டினால் அந்தப் படத்தில் மிச்சம் இருப்பது வெறும் ஈரத் தெரு. நான் அவள் மீனை ஏற்றும் வேனை ஓட்டுகிறவன். அவள் மாட்டேன் என்றால் மாட்டேன்தான். சமாதானம் பேசப் போய் நானும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை யாஸ்னா கடைக்கு வந்தாள். "அக்கா, அன்னிக்குச் சொன்னதச் சொல்லி ஒருக்கா பானையில அடிச்சுக் காட்டு."

"போடி, கையெல்லாம் செதில்."

"செதிலோட அடி."

எடுவினா சொல்லி முடித்து அடித்தாள். யாஸ்னா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மறுபடி அடிக்கச் சொன்னாள். திடீரென்று தன் நெற்றியிலேயே அறைந்துகொண்டாள். "முழு வரியையும் திரையில மொத்தமாக் கொட்டிட்டேன்க்கா! நீ சொல்றதுக்கு முன்னாடி அவங்க படிச்சு முடிச்சிட்டாங்க. சிரிச்சது உன் மூஞ்சிக்கு இல்ல, உன் சோப்புக்கு."

"அப்ப சோப்ப ஒளிச்சு வை."

அப்படியே செய்தாள். வரியை உடைத்து, சோப்பைக் கரண்டி விழும் நொடிக்குத் தள்ளினாள். பழைய பிள்ளைகளுக்குச் சோப்பு முன்பே தெரியும் என்று வேறு வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பிடித்து வந்தாள்.

எடுவினா கையைக் கட்டிக்கொண்டு வாசலோரம் நின்றாள், பாதியில் கிளம்ப வசதியாக. திரையில் பானை எழுந்தது. பிள்ளைகள் பாதி வரியைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

டங்!

கூரை பறக்கிற சிரிப்பு. ஒருவன் பாட்டிலில் சாவியால் தட்ட, எல்லோரும் கையில் கிடைத்ததைத் தட்டினார்கள். யாஸ்னா அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. எடுவினா கட்டிய கையை அவிழ்த்தாள்.

"அனுப்பித் தொலை," என்றாள்.

இப்போது அந்தப் பிள்ளைகள் மீன் வாங்க வந்து பேரம் பேசுகிறார்கள், பேசி முடித்ததும் தராசில் ஒரு தட்டுத் தட்டுகிறார்கள். எடுவினா விலையைக் குறைப்பதில்லை. சிரிக்கிறாள், தட்டிய பிறகு.