பிள்ளைகளைப் பிரிக்கக் கூடாது

சுவிஸில் பெற்றோர் கூட்டம் என்றால் பிள்ளைகளின் கதிரையில்தான் இருக்க வேண்டும். வங்கி மேலாளரும் சரி, வைத்தியசாலையில் உடுப்புத் தோய்க்கிற நானும் சரி, முழங்கால் நாடியில் இடிக்க அந்தக் குட்டிக் கதிரைகளில் குந்தியிருப்போம். வின்டர்தூரில் மகள் ஆரணி பள்ளியில் சேர்ந்தபோது இது எனக்குப் பெரிய புதினம். யார் எங்கே இருப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. நானாகவே போய்க் கடைசி வரிசையில் இருந்தேன். பழக்கதோஷம்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எங்கள் சாதிப் பிள்ளைகளை நெடுங்காலம் சேர்க்கவில்லை. அப்பாவும் ஆட்களும் அடி வாங்கித்தான் அந்தக் கதவைத் திறக்க வைத்தார்கள். நான் போன காலத்தில் இருக்க வாங்குப் பலகையும் தந்தார்கள், கடைசி வாங்கு. கிணறு மட்டும் திறக்கவில்லை. தாகம் எடுத்தால் கிணற்றடியில் கையேந்தி நிற்க வேண்டும். மற்றப் பிள்ளைகளில் யாராவது மனமிரங்கி உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். வாளி கையில் பட்டுவிடக் கூடாது என்ற கவனத்தில் பாதித் தண்ணீர் என் சட்டையில்தான் விழும். நனைந்த சட்டையோடு வீட்டுக்குப் போனால் அம்மா மாற்றுச் சட்டையோடு வாசலில் நிற்பார். அவருக்குத் தெரியும்.

போன வருடம் ஆரணியின் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளையும் அல்பேனியப் பிள்ளைகளையும் தனி மேசையில் இருத்தினார்கள். டொச், அதுதான் ஜேர்மன் மொழி, வளரட்டுமாம். இங்கேயே பிறந்த ஆரணிக்கு டொச் என் தமிழைவிட நன்றாக வரும். "அப்பா, எனக்கேன் அந்த மேசை?" என்று அவள் கேட்டாள். இதற்காகவா கடல் கடந்து வந்தேன்?

அவளுடைய உற்ற தோழி லக்சனாவின் தகப்பன் சிவநேசன், தமிழ்ப் பெற்றோரைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். "எங்கட பிள்ளையளைத் தோலைப் பாத்துப் பிரிக்கினம். அநியாயமெல்லோ அண்ணை?" என்றார். பள்ளியில் யார் பேசுவது என்ற கேள்வி வந்தது.

"நான் கதைக்கிறன். இந்த விசயம் எனக்கு நல்லாத் தெரியும்."

சிவநேசன் மகிழ்ந்துபோய் என் தோளில் கை போட்டார். பிறகு, எங்கள் ஆட்கள் எங்கே போனாலும் கேட்கிற அந்தக் கேள்வி வந்தது.

"அண்ணை ஊரில எவடம்?"

சொன்னேன்.

"ஓ, எங்கட மாமி ஆக்களும் அங்கதான். பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பக்கம்?"

"பின்பக்கம். பனங்காணியோட."

"ஓம், ஓம்" என்றார். தோளில் கிடந்த கை எப்போது போனதென்று தெரியவில்லை. குசினிக்குள் போய்வந்தார். தேத்தண்ணி வந்தது. எல்லாருக்கும் பூப்போட்ட கோப்பை, எனக்கு மட்டும் பேப்பர் கப். "கோப்பை காணாதண்ணை, குறை நினையாதேங்கோ" என்று சிரித்தார். அவருக்குப் பின்னால் கண்ணாடி அலுமாரியில் அதே பூப்போட்ட கோப்பைகள் அடுக்கியிருந்தன. எழுந்து போயிருக்க வேண்டும் என்பீர்கள். போனால் ஆரணியின் மேசைக்காக யார் பேசுவது? குடித்துத் தொலைத்தேன்.

கூட்டத்தில், என் உடைந்த டொச்சில், பிரித்து இருத்திய பிள்ளையோடு அந்த இடம் வாழ்நாள் முழுதும் கூடவே வரும் என்று சொன்னேன். ஆசிரியை முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். அடுத்த நாளே பிள்ளைகளைக் கலந்து இருத்தினார். ஊரில் எங்களிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்டதில்லை. அன்றைய கூட்டம் முடிந்து விடைபெறும்போது ஆசிரியை, "நீங்கள் தமிழர்கள் எவ்வளவு ஒற்றுமையானவர்கள்!" என்று வியந்தார். "யா, யா" என்றேன்.

போன சனிக்கிழமை லக்சனாவின் பிறந்தநாள். சுவிஸ் பிள்ளைகள், அல்பேனியப் பிள்ளைகள் என்று வகுப்பே அங்கே போனது. ஆரணியைக் கூப்பிடவில்லை.

"இப்ப எல்லாரும் கலந்துதானேப்பா இருக்கிறம். பிறகேன் என்னை மட்டும் கூப்பிடேல்லை?"

இந்தக் கேள்வியோடு நான் எந்தப் பள்ளிக்குப் போவேன்? எங்கள் சாதியின் பெயரை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. டொச்சில் அப்படியொரு சொல் இல்லை என்பதுதான் இந்த நாடு எனக்குத் தந்த நிம்மதி. தமிழில் இருக்கிறது. தோழிக்கென்று வாங்கிச் சுற்றிவைத்த பரிசை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, என் பதிலுக்காக நின்றாள் மகள்.